நாள் கணக்கும் நாணயமும்
அயல்நாடு செல்லும் குடும்பங்களும் வசிப்பு நிலை, வரி முறைகளும்

(விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்தவை தமிழ்ச் சமணக் குடும்பங்கள். அவற்றின் பிள்ளைகள் கல்வியாலும் உத்தியோகத்தாலும் முதலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றனர். இன்று சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனச் செல்கின்றனர். பிள்ளை புறப்படும்போது விசா, பயணச்சீட்டு, தங்குமிடம், கொண்டுசெல்ல வேண்டிய பருப்புப் பொடி வரை எல்லாம் கவனிக்கப்படுகின்றன. ஊரிலுள்ள வங்கிக் கணக்கு என்னவாகும், தந்தை பெயரிலுள்ள நிலம் பிள்ளைக்கு எவ்வழியில் வரும், அங்கே ஈட்டும் ஊதியத்துக்கு எந்த நாட்டில் வரி என்பவை மட்டும் பேசப்படுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு வீட்டை விற்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ, ஊர் திரும்பும்போதோ அக்கேள்விகள் ஒருசேர எழுகின்றன. அப்போது விடை காண்பது கடினம். சில நேரங்களில் உடன்பிறந்தார் உறவும் அதில் முறிகிறது. ஆகவே புறப்படும் முன்னரே அறிய வேண்டியவற்றை எடுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கம்.

வசிப்பவர் யார்?

வருமானவரியைப் பொறுத்தவரை இந்தியா குடியுரிமையைப் பார்த்து வரி விதிப்பதில்லை, வசிப்பைப் பார்க்கிறது. இந்தியாவில் வசிப்பவர் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வசிப்பவர் அல்லாதவர் இந்தியாவில் ஈட்டிய, அல்லது இந்தியாவில் பெற்ற வருமானத்துக்கு மட்டும் வரி செலுத்தினால் போதும். கடவுச்சீட்டு நீலநிறத்தில் இருப்பதோ, அயல்நாட்டு விசா அதில் ஒட்டப்பட்டிருப்பதோ இதைத் தீர்மானிப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் அவர் இந்திய மண்ணில் இருந்த நாட்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

விதி இதுதான். ஓராண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வசிப்பவர். அல்லது அவ்வாண்டில் 60 நாட்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இங்கே இருந்தவரும் வசிப்பவரே. வேலைக்காக நாட்டைவிட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு, அவர் செல்லும் ஆண்டில், அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025-ஆம் ஆண்டின் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின. இந்நாள் கணக்கு மாறவில்லை.

சிறிய விதிபோல் தோன்றும் இதன் விளைவு பெரிது. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஆகஸ்ட் 20 அன்று ஒரே விமானத்தில் புறப்படுவதாகக் கொள்ளலாம். அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்குச் செல்கிறார். தங்கை அங்கிருந்து அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குச் செல்கிறார். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் இருவரும் அவ்வாண்டில் இந்தியாவில் இருந்தது 142 நாட்கள். அண்ணன் வேலைக்குச் செல்வதால் 182 நாள் அளவுகோல் அவருக்குப் பொருந்தும். அவர் அவ்வாண்டே வசிப்பவர் அல்லாதவர் ஆகிறார். தங்கை செல்வது படிப்புக்காக. வேலைக்குரிய தளர்வு அவருக்கில்லை. 60 நாட்களைக் கடந்துவிட்டதாலும், முந்தைய நான்கு ஆண்டுகள் இங்கேயே இருந்ததாலும், அவ்வாண்டு முழுவதற்கும் அவர் இந்தியாவில் வசிப்பவரே. பல்கலைக்கழகத்தில் உதவியாளர் பணிக்கு அவர் பெறும் ஊதியமும் மார்ச் 31 வரை இந்தியக் கணக்கில் காட்டப்பட வேண்டும்.

வேலைக்குச் செல்வோருக்கும் ஓர் எல்லை நாள் உண்டு. ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருப்பவருக்கு செப்டம்பர் 29 அன்று 182-ஆம் நாள் நிறைகிறது. செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறியவர் 181 நாட்களோடு தப்புகிறார். அக்டோபர் 5 அன்று துபாய்க்குச் செல்பவர் அவ்வாண்டு முழுவதும் வசிப்பவராகவே கருதப்படுவார். அங்கே தனிநபர் வருமானவரி இல்லாததால், மார்ச் வரை அவர் பெறும் ஆறு மாத ஊதியத்துக்கு இந்தியாவிலேயே வரி செலுத்த நேரும். வேலையில் சேரும் நாளை ஒரு வாரம் முன்பின்னாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருப்பவர் இதை அறிந்து முடிவு செய்யலாம். வந்த நாள், சென்ற நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாட்களாகவே எண்ணுதல் பாதுகாப்பானது.

ஒருவருக்கே இரு நிலை

நாள் கணக்கு வருமானவரிக்கு உரியது. வங்கிக்கும் நிலத்துக்கும் உரியது வேறொரு சட்டம். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ நாட்டைவிட்டுச் செல்பவர், சென்ற நாளிலிருந்தே அச்சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் அல்லாதவர். அயல்நாட்டில் படிக்கும் மாணவரும் அவ்வாறே கருதப்படுவர் என்று ரிசர்வ் வங்கி 2003-இல் தெளிவுபடுத்தியது.

ஆகவே மேற்சொன்ன தங்கை, வருமானவரிச் சட்டப்படி அவ்வாண்டு வசிப்பவர். ஃபெமாவின்படி ஆகஸ்ட் 20 முதல் என்.ஆர்.ஐ. ஒருவருக்கே ஒரே நாளில் இரு நிலைகள். இதில் முரண் ஏதுமில்லை. இரு சட்டங்களின் நோக்கமும் வெவ்வேறு.

என்.ஆர்.ஐ. ஆனவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் கூடாது. வங்கிக்கு எழுதிக் கொடுத்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரிலிருந்து வரும் வாடகை, பங்காதாயம், நிலத்தின் வருவாய் ஆகியவை இக்கணக்கில் சேரும். இதன் வட்டிக்கு வரி உண்டு. வங்கியே 30 விழுக்காடும் அதன்மேல் உபவரியும் பிடித்தம் செய்யும். வரி செலுத்திய பின் இக்கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அங்கே ஈட்டிய பணத்தை அனுப்பிச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு தனியே திறக்கப்பட வேண்டும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. முதலும் வட்டியும் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லத்தக்கவை. முன்பே தொடங்கிய பி.பி.எஃப். கணக்கைப் பதினைந்தாண்டு முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்கவும், முதிர்ந்த பின் நீட்டிக்கவும் இயலாது.

சென்ற நாட்டின் கணக்கு

இந்தியாவில் வரி முடிந்ததும் கடமை முடிவதில்லை. சென்ற நாடும் தன் அளவுகோலால் எண்ணுகிறது. அதன் ஆண்டும் வேறு. இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை முதல் ஜூன் வரை. பிரிட்டனுக்கோ ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. ஒரே ஊதியம் இரு நாடுகளின் இரு வேறு ஆண்டுகளில் விழும்.

சிங்கப்பூரின் முறை எளியது. ஓர் ஆண்டில் 183 நாட்கள் அங்கிருந்தோ பணிபுரிந்தோ இருப்பவர் வசிப்பவர். முதல் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு வரியில்லை. படிப்படியாக உயர்ந்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் 24 விழுக்காட்டில் முடிகிறது. தனிநபர் அயல்நாட்டிலிருந்து பெறும் வருமானத்துக்கு அங்கே பொதுவாக வரி இல்லை. வேலையைவிட்டு நாடு திரும்பும் அயல்நாட்டவரைப் பற்றி அவருடைய நிறுவனம் ஒரு மாதம் முன்னதாகவே வரித்துறைக்குத் தெரிவித்து, தர வேண்டிய தொகையை நிறுத்திவைக்கும். வரிக்கணக்கு முடிந்த பின்பே அது கைக்கு வரும். கடைசி மாதச் சம்பளத்தை நம்பி ஊரில் செலவு திட்டமிடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் முறை விரிவானது. குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களும் உலகில் எங்கு வாழ்ந்தாலும் உலக வருமானம் முழுவதற்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். மற்றவர்க்கு நாள் கணக்கு. நடப்பாண்டில் 31 நாட்களாவது இருந்து, நடப்பாண்டின் நாட்கள் முழுவதும், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் கூட்டினால் 183 வருமாயின் அவர் வசிப்பவர். மூன்றாண்டுகளும் 120 நாட்கள் வீதம் இருந்தவருக்கு 120, 40, 20 எனக் கூடி 180 ஆகும். அவர் வசிப்பவர் ஆகார். எஃப்-1 விசாவில் செல்லும் மாணவருக்குப் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் இக்கணக்கில் சேர்வதில்லை. எச்-1பி விசாவில் பணிபுரிபவருக்கு முதல் நாளிலிருந்தே சேரும்.

அமெரிக்காவில் வசிப்பவராகிவிட்ட பிள்ளைக்கு, ஊரில் உள்ளவை யாவும் கணக்கில் வரும். இந்தியாவில் வரி விலக்குப் பெற்ற என்.ஆர்.இ. வட்டிக்கு அங்கே வரி உண்டு. இந்தியாவில் வரியே இல்லாத வேளாண் வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு. இங்கே வரி கட்டாததால் ஈடு செய்துகொள்ளவும் வழியில்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அங்கே கடுமையான தனி வரிமுறை உள்ளது. அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அவற்றையெல்லாம் எஃப்பார் எனும் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் தம் முதுமைக்கென வைத்த ஃபிக்சட் டெபாசிட்டில் பாதுகாப்புக்காக மகன் பெயரையோ மகள் பெயரையோ இணைத்திருப்பார்கள். பணம் பெற்றோருடையது, வட்டியையும் அவர்களே பெறுகிறார்கள். ஆயினும் பெயர் இருப்பதால் அந்தக் கணக்கைப் பிள்ளை தெரிவித்தாக வேண்டும். பெற்றோர் பெயர் சேர்த்ததைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதால் அயல்நாட்டில் பிள்ளைக்குத் தண்டம் வரக்கூடும். பெயர் இணைப்பதற்குப் பதில் நாமினியாகக் குறிப்பிட்டாலே பல குடும்பங்களுக்குப் போதுமானது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமானவரி இல்லை. அதனால் அங்கு ஆவணமே வேண்டியதில்லை என எண்ணுவது தவறு. இந்தியாவில் ஒப்பந்தப் பயன் கோருவதற்கு அங்குள்ள வசிப்புச் சான்று தேவைப்படும். எந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகன், ஆண்டில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் இந்திய வருமானம் உடையவராயின், 2020-இன் திருத்தப்படி வசிப்பவராகவே கருதப்படுவார். வளைகுடாவில் நேர்மையாக உழைப்பவரின் அங்குள்ள ஊதியத்தை இது தொடாது என அரசு 2020 பிப்ரவரி 2 அன்று விளக்கம் அளித்தது.

இரு நாடுகளும் ஒருவரையே வசிப்பவர் என்றால் என்ன செய்வது? இதற்காகவே இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் உள்ளன. நிலையான இல்லம் எங்கே, குடும்பமும் பொருளும் மிகுதியும் எங்கே, வழக்கமாக இருப்பது எங்கே, குடியுரிமை எங்கே என்னும் வரிசையில் ஆராய்ந்து ஒரு நாட்டுக்கு உரிமை தரப்படுகிறது. ஒரு நாட்டில் கட்டிய வரியை மற்றொன்றில் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் வசிப்புச் சான்றும், வரி கட்டிய சான்றும், உரிய படிவமும் இன்றி இப்பயன் தானாக வந்து சேராது.

நிலம் எனும் வேர்

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு மிகுந்த கவனம் வேண்டிய இடம் நிலம். என்.ஆர்.ஐ. ஒருவர் இந்தியாவில் வீடோ மனையோ வாங்கலாம். வேளாண் நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க இயலாது. பரிசாகப் பெறவும் இயலாது. வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ பெறலாம். முன்பே தம் பெயரில் இருந்ததைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். வேளாண் நிலத்தை விற்பதாயின் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்கலாம்.

ஊர்ப்புறங்களில் தந்தையார் தம் காலத்திலேயே பிள்ளைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைப்பது வழக்கம். பிற்காலப் பூசலைத் தவிர்க்கும் நல்ல எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் அயல்நாட்டில் வாழும் பிள்ளைக்கு நன்செய் நிலத்தைச் செட்டில்மென்ட் எழுதினால் அது ஃபெமாவுக்கு மாறாகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனால் அக்குறை நீங்காது. அப்பிள்ளைக்கு நிலம் சேர வேண்டுமெனில் உயில் எழுதுவதே நேர்வழி.

இன்னொரு வழக்கம் மேலும் ஆழமான சிக்கலை உண்டாக்குகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். தம் பெயரில் நிலம் வாங்க இயலாததால், “அப்பா பெயரில் வாங்கி வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என முடிவாகிறது. பணம் மகனுடையது, பத்திரம் தந்தையுடையது, உள்ளத்தில் உரிமை மகனுடையது. பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கணக்கில் காட்டிய பணத்தால் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் விலக்கு உண்டு. பெற்றோர் பெயரிலோ உடன்பிறந்தார் பெயரிலோ வாங்கினால், வாங்குபவர் பெயரும் கூட்டாகப் பத்திரத்தில் இருந்தால்தான் விலக்கு. வேளாண் நிலத்துக்கு என்.ஆர்.ஐ. பெயரைக் கூட்டாகச் சேர்க்கவும் இயலாது. ஆக இரு பக்கமும் வழி அடைபட்டிருக்கிறது.

திறந்திருக்கும் வழி ஒன்றுண்டு. மகன் தந்தைக்கு அனுப்பும் பணம் உண்மையாகவே அன்பளிப்பாயின் அதற்கு இந்தியாவில் வரி இல்லை. தந்தை அதைக்கொண்டு நிலம் வாங்கினால் அது தந்தையின் நிலம். அப்படியாயின் அதன் விளைவையும் ஏற்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். தந்தை உயில் எழுதாமல் காலமானால், அவருடைய நிலம் தாய்க்கும், எல்லா மகன்களுக்கும், எல்லா மகள்களுக்கும், உயிரோடிருப்பின் பாட்டிக்கும் சமமாகச் சேரும். பணம் அனுப்பிய மகன், “அது என் உழைப்பு” என்பார். ஊரில் இருந்து பெற்றோரைப் பேணிய மகள், “பத்திரத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது” என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அந்த இருபத்தைந்து சென்ட் நிலத்துக்காகப் பத்தாண்டு பேசாமலிருக்கும் உடன்பிறப்புகள் பலர். பணம் அனுப்பும் நாளிலேயே அது அன்பளிப்பா, கடனா என்று ஒரு தாளில் எழுதி, வீட்டார் அனைவரும் அறியச் செய்திருந்தால் இப்பூசல் எழாது.

விற்பதும் வாடகைக்கு விடுவதும்

என்.ஆர்.ஐ. வீட்டை வாடகைக்கு விட்டால், குடியிருப்பவர் வாடகையிலிருந்து 30 விழுக்காடும் உபவரியும், ஆக 31.2 விழுக்காடு, டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை சிறிதாயினும் இது பொருந்தும். வாடகையைத் தந்தையின் கணக்கில் போடச் சொல்வதால் உரிமையாளர் மாறுவதில்லை, வருமானமும் மாறுவதில்லை.

வீட்டை விற்கும்போது வேறுபாடு பெரிது. இந்தியாவில் வசிப்பவர் 50 லட்சம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ விற்றால் வாங்குபவர் 1 விழுக்காடு பிடித்தால் போதும். என்.ஆர்.ஐ. விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்குரிய 12.5 விழுக்காடும் மேல்வரி, உபவரிகளும் பிடிக்க வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்பதற்கு வரித்துறையின் சான்று இல்லையெனில், முழு விலையின்மீதே பிடித்தம் செய்யப்படுவது வழக்கம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை விற்பனைக்கு முன்பே விண்ணப்பித்துப் பெறலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்குப் பணவீக்கச் சரியீட்டோடு 20 விழுக்காடு கட்டும் தெரிவு வசிப்பவருக்கு மட்டுமே உண்டு, என்.ஆர்.ஐ.க்கு இல்லை. பழைய வீட்டை விற்க எண்ணும் குடும்பம், பிள்ளை புறப்படும் முன் விற்பதா, பின் விற்பதா என்பதை இதையும் வைத்தே எண்ண வேண்டும்.

ஊர்ப்புற வேளாண் நிலத்துக்கு இவ்வரி இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பாலும், பத்து லட்சம் வரையெனில் 6 கிலோமீட்டருக்கு அப்பாலும், அதற்கு மேலெனில் 8 கிலோமீட்டருக்கு அப்பாலும் உள்ள நிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. நகர எல்லைகள் விரிந்துவரும் இக்காலத்தில் தூரச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுதல் நலம்.

வந்து தங்கும் நாட்கள்

பெற்றோர் நோயுற்றால் பிள்ளைகள் வந்து மாதக்கணக்கில் தங்குவர். ஊருக்கு வரும் இந்தியக் குடிமகன் 181 நாட்கள் வரை தங்கினாலும் வசிப்பவர் ஆவதில்லை. ஆனால் அவ்வாண்டில் அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் எல்லை 120 நாட்களாகச் சுருங்கும். முந்தைய நான்கு ஆண்டுகளின் 365 நாட்களும் நிறைந்திருந்தால் அவர் வசிப்பவர் ஆவார். நகரத்து வீட்டை விற்று ஆதாயம் பெற்ற ஆண்டில் இவ்வெல்லை எளிதில் தாண்டப்படும். அவ்வாறு 120 முதல் 181 நாட்கள் தங்கியவருக்கு ‘வசிப்பவர், ஆயினும் வழக்கமாக வசிப்பவர் அல்லாதவர்’ என்னும் இடைநிலை தரப்படுகிறது. அந்நிலையில் இங்கிருந்து நடத்தும் தொழிலின் வருவாய் நீங்கலாக, அயல்நாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. தாயின் படுக்கையருகே இருப்பதா, நாள் கணக்குப் பார்ப்பதா என்ற கேள்விக்கு இடமில்லை. இருக்க வேண்டிய நாள் இருந்தே ஆக வேண்டும். விளைவை அறிந்து இருப்பதே வேண்டுவது.

திரும்பி வருதல்

நெடுநாள் அயல்நாட்டில் வாழ்ந்து நிலையாகத் திரும்புவோருக்கும் அதே இடைநிலை உதவுகிறது. முந்தைய பத்தாண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வசிப்பவர் அல்லாதவராக இருந்தவருக்கோ, முந்தைய ஏழாண்டுகளில் 729 நாட்களுக்கு மேற்படாமல் இந்தியாவில் இருந்தவருக்கோ இது கிடைக்கும். பெரும்பாலோர்க்கு இரண்டு ஆண்டுகள், சிலருக்கு மூன்று. அக்காலத்தில் அயல்நாட்டுக் கணக்குகளையும் முதலீடுகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். அங்கிருந்தபோது சேர்த்த சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்கவும் ஃபெமா அனுமதிக்கிறது. என்.ஆர்.இ. கணக்கை மட்டும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து குடியமர்ந்தவருக்கு அதன் வட்டி விலக்கு இல்லை.

இடைநிலை முடிந்து முழு வசிப்பவர் ஆனதும், வெளிநாட்டிலுள்ள ஒவ்வொரு கணக்கையும், பங்கையும், வீட்டையும் வருமானவரிப் படிவத்தின் உரிய அட்டவணையில் எழுத வேண்டும். வருமானம் ஏதும் வராத கணக்காயினும் எழுத வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப்பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவற்றுக்கு இத்தண்டத்திலிருந்து விலக்கு உண்டு. மறந்துபோன பழைய சம்பளக் கணக்கு ஒன்று, நேர்மையாக வாழ்ந்தவரையும் விளக்கம் கூறும் நிலைக்குத் தள்ளிவிடும்.

கைக்கொள்ள வேண்டியவை

செய்ய வேண்டியவை சிலவே. பயண நாட்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களைப் படியெடுத்து வைத்தல். புறப்பட்ட உடன் வங்கிக்கும், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனத்துக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் என்.ஆர்.ஐ. நிலையைத் தெரிவித்தல். ஊரிலுள்ள பெற்றோரிடம் எந்தக் கணக்கில் யார் பெயர் உள்ளது என்னும் பட்டியலை வைத்தல். அதன் படியொன்றைப் பிள்ளையும் வைத்திருத்தல். நிலம் உள்ள குடும்பம் உயில் எழுதுதல். புறப்படும் ஆண்டிலும் திரும்பும் ஆண்டிலும் இரு நாட்டு விதியும் அறிந்த ஆடிட்டரைக் கலந்து கொள்ளுதல்.

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் பொருள் வரைதலும் உள்ளன. அரச ஆணைக்கு மாறாக நடத்தலைக் கள்ளாமைக்குரிய குற்றங்களுள் ஒன்றாகவே தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. பொருளுக்கு வரம்பு கட்டுவதற்கோ, தன்னுடையது எது, பிறருடையது எது என்னும் தெளிவு முதலில் வேண்டும். மகன் பணம், தந்தை பத்திரம், மகளுக்குத் தெரியாத கணக்கு என்று கலந்துகிடக்கும் வீட்டில் அவ்வரம்பை எங்கே கட்டுவது? உள்ளதை உள்ளவர் பெயரில் வைத்து, உரியதை உரிய நாட்டுக்குச் செலுத்தி வாழும் குடும்பத்துக்குக் கடல் கடந்த தொலைவு ஒரு பொருட்டன்று. இவ்விழாவுக்காக அயல்நாடுகளிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் விடுமுறை முடியும் முன் ஒரு மாலைப்பொழுதேனும் பெற்றோருடனும் உடன்பிறந்தாருடனும் அமர்ந்து, பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் விரித்துவைத்துப் பேசுவார்களாக.